ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, அவர் நன்றாக இல்லை

கோத்தகிரி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 61 வயது வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

கணவருக்கு 68 வயது. இரண்டு ஏக்கர் தேயிலை, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கேரட். ஒன்றரை ஆண்டுக்கு முன்பு சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று பார்க்கப் போன இடத்தில், புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ 38 என்று வந்தது. திசுப் பரிசோதனையில் புராஸ்டேட் புற்றுநோய் உறுதியானது. எலும்புக்குப் பரவவில்லை. கோயம்புத்தூரில் கதிர்வீச்சு முடிந்து, இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி. மொத்தம் இரண்டு ஆண்டுகள் போட வேண்டுமாம்; 14 மாதம் ஆகிறது. கடைசியாகப் பார்த்தபோது பிஎஸ்ஏ 0.1-க்கும் கீழே. டாக்டர் கைகுலுக்கி அனுப்பியிருக்கிறார்.

“அதற்குப் பிறகுதான் இவர் மோசமானார்” என்கிறார் வாசகி. உறைபனி விழும் மார்கழி இரவில் ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, இவர் வியர்த்து விறுவிறுத்துச் சட்டையைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்கிறார். பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி செத்ததற்கு இரண்டு நாள் அழுதார். கொழுந்து எடை போடும் இடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஓராண்டாக வேறு அறையில் படுக்கிறார். விடுமுறைக்கு வந்த நான்கு வயதுப் பேரன் மடியில் ஏறினால் இறக்கிவிடுகிறார். பெங்களூரில் இருக்கும் மகனிடமும் ஈரோட்டில் இருக்கும் மகளிடமும் “புராஸ்டேட் வீக்கம்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். “இளவயதில் செய்த தப்புக்குத் தண்டனை” என்கிறாராம். போன மாதம் பாஸ்புக்கையும் நிலப்பத்திரத்தையும் மனைவி கையில் கொடுத்து, “இனி ஊசி வேண்டாம், எனக்குப் பிறகு நீ அலையக் கூடாது” என்றிருக்கிறார்.

மருந்துக் கடையில் வேலை செய்யும் தம்பி, மனதைச் சாந்தப்படுத்தும் மாத்திரை என்று ஓர் அட்டையைக் கொடுத்து, டீயில் கலந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அது இன்னும் அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. வாசகியின் கேள்விகள் நான்கு: இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? மாத்திரையைக் கொடுக்கலாமா? பிள்ளைகளிடம் சொல்லிவிடலாமா? ஊசியை நிறுத்தினால் பழைய மனிதராகிவிடுவாரா?

அன்புள்ள அம்மா,

உங்கள் நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் பேச வேண்டியிருக்கிறது. கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், சோப்புக்கும் சர்க்கரைக்கும் ஆன செலவுக் கணக்குக்கு நடுவில், பாஸ்புக் விஷயத்தை ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

சொத்துக் காகிதங்களை ஒப்படைப்பதும், “எனக்குப் பிறகு” என்று பேசுவதும், வைத்தியத்தை விட்டுவிடுகிறேன் என்பதும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் மனநல மருத்துவர்களாகிய நாங்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. பொறுப்பான குடும்பத் தலைவர் கணக்குவழக்கை ஒழுங்குபடுத்துவதாகவும் அது இருக்கலாம். உயிரை விட்டுவிடும் எண்ணம் உள்ளே ஓடுவதன் அடையாளமாகவும் இருக்கலாம். எது என்று ஊகிக்க வேண்டாம், அவரிடமே கேளுங்கள்.

“கேட்டால் நாமே அந்த நினைப்பை ஏற்படுத்தியதாகிவிடாதா” என்று எல்லாக் குடும்பத்திலும் பயப்படுவார்கள். அப்படி ஆவதில்லை. நினைப்பு இல்லாதவர் “என்ன இது, அபசகுனமாக” என்று கடிந்துகொள்வார். இருப்பவருக்கு, தனியாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கும். வேறு யாரும் இல்லாத நேரத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து நேரடியாகக் கேளுங்கள்: “என்னங்க, பாஸ்புக்கை என் கையில் கொடுத்த நாளிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. செத்துப்போய்விடலாம் என்று நினைப்பு வருகிறதா?” கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் அழுதால் அழவிடுங்கள். “அப்படியெல்லாம் பேசக் கூடாது, நமக்கு என்ன குறை” என்று உடனே வாயை அடைத்துவிடாதீர்கள்.

ஆம் என்று சொன்னாலும், பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். இரவாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அவருக்காக நீங்கள் பேசினாலும் வழி சொல்வார்கள். அவர் என்ன பதில் சொன்னாலும் சரி, கொட்டகையில் இருக்கும் பூச்சி மருந்து, களைக்கொல்லி எல்லாவற்றையும் இன்றைக்கே பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கொடுத்துவையுங்கள். தேவைப்படும் நாளில் வாங்கிக்கொள்ளலாம்.

அரிசி டப்பாவில் இருக்கும் மாத்திரை

கொடுக்காமல் வைத்திருந்தீர்களே, உங்கள் நிதானத்துக்குப் பாராட்டு. இனியும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தம்பியின் அக்கறையைக் குறை சொல்லவில்லை, ஆனால் இந்த யோசனை ஆபத்தானது. மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் பழைய மாத்திரைகளில் சில சிறுநீரை அடைத்துவிடும்; புராஸ்டேட் தொல்லை உள்ளவருக்கு நள்ளிரவில் அடைத்துக்கொண்டால் மலையிலிருந்து ஆம்புலன்ஸ்தான். வேறு சில மாத்திரைகள் இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கக் கூடியவை. அவர் போட்டுக்கொள்ளும் ஹார்மோன் ஊசிக்கும் அந்தக் குணம் உண்டு என்பதால் இரண்டையும் சேர்க்கும்போது ஈசிஜி பார்த்துக்கொள்வோம். தூக்க மாத்திரையின் மயக்கத்தில் அவர் இரவு எழுந்து ஈரப் படியில் கால் வைத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். ஊசி எலும்பைப் பலவீனமாக்கும் காலம் வேறு இது.

மருந்தின் ஆபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும், அவருக்குத் தெரியாமல் கொடுப்பது சரியில்லை. சுயநினைவோடு யோசித்து முடிவெடுக்கக் கூடியவருக்கு அவருடைய சம்மதம் இல்லாமல் சிகிச்சை தரக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். என்றைக்காவது அவர் கண்டுபிடித்தால், உங்கள் கையால் வாங்கிக் குடிக்கும் டீயையும் சந்தேகப்படுவார். இந்த நேரத்தில் அவர் முழுதாக நம்பும் ஆள் நீங்கள் ஒருவர்தான்.

புத்தி பேதலிக்கவில்லை

புராஸ்டேட் புற்றுநோய் அணுக்கள் வளர டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வேண்டும். ஊசி அதை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிடுகிறது. இந்த வழியைக் கண்டு சொன்னதற்காகவே சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவருக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுக்குத் தகுதியான கண்டுபிடிப்புதான். ஆனால் ஊசி போட்டுக்கொண்டவரோடு ஒரே வீட்டில் இருக்கப்போகும் பெண்களிடம் “இன்னின்ன மாற்றம் வரும்” என்று உட்காரவைத்துச் சொல்லும் வழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் போதாது.

உங்களுக்கு மாதவிலக்கு நின்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். திடீரென்று உடம்பு கொதித்தது, தூக்கம் கெட்டது, காரணமில்லாமல் கண் கலங்கியது, சின்னச் சொல்லுக்கும் எரிச்சல் வந்தது. உங்களுக்கு ஹார்மோன் சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறைந்தது. அவருக்குச் சில வாரங்களில் விழுந்துவிட்டது. மார்கழிக் குளிரில் சட்டையைக் கழற்றுவதும், கன்றுக்குட்டிக்கு அழுவதும் அதில் சேர்ந்தவைதான். “ஊசி போட்டுப் பெண்ணாக மாற்றிவிட்டார்கள்” என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் ஆணாகத்தான் இருக்கிறார். ஹார்மோன் குறைந்த உடம்பு படும் பாட்டுக்கு அவருக்குத் தெரிந்த விளக்கம் அது ஒன்றுதான். அதே கொதிப்பைக் கடந்து வந்தவர் என்ற முறையில் அதை விளக்கிச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் இல்லை.

எல்லாப் பழியையும் ஊசியின் மேல் போட்டுவிடவும் முடியாது. புற்றுநோய் என்று கேட்ட நாளிலிருந்து அவர் ஓட்டமாக ஓடினார்: ஸ்கேன், பயாப்ஸி, வாரக்கணக்கில் கோயம்புத்தூர் அறைவாசம். அப்போது கலங்க நேரமில்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் நடந்தது என்னவென்று மனதுக்கு உறைக்கும். “அதுதான் நார்மலாகிவிட்டதே, இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார்” என்று உறவினர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். பிஎஸ்ஏ என்பது ரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தின் அளவு. மனதின் நிலவரம் அதில் தெரியாது. நோய் அடங்கிய பிறகு மனம் உடைகிறவர்களை நான் நிறையவே பார்க்கிறேன்.

சோகம், எதிலும் பிடிப்பின்மை, தூக்கக் கேடு, பாரமாக இருக்கிறேன் என்ற பேச்சு இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை மன அழுத்த நோய் என்றே பார்க்க வேண்டும். அதற்குப் பேச்சு சிகிச்சை உண்டு, மருந்தும் உண்டு. வென்லாஃபாக்ஸின் போன்ற ஒரு மருந்து மன அழுத்தத்தோடு அந்த உடல் கொதிப்பையும் சேர்த்துக் குறைக்கக் கூடியது. அவருடைய ரத்த அழுத்தத்தையும் மற்ற மாத்திரைகளையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். மாவட்ட மனநலத் திட்டக் குழு கோத்தகிரியில் எந்த நாளில் பார்க்கிறது என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள். இல்லையென்றால் உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. “மனநல மருத்துவரிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும்” என்று அவர் தயங்கலாம். அவர் சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது எங்கள் கடமை, சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

இளவயதுத் தப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுய இன்பத்தாலோ உடலுறவாலோ வந்த தண்டனை இது என்று நினைத்து, யாரிடமும் சொல்ல முடியாமல் குமைகிற ஆண்கள் நம் ஊர்களில் ஏராளம். இந்த நோய்க்கு உறுதியாகத் தெரிந்த காரணங்கள் வயதும் பரம்பரையும்தான். இதை டாக்டர் வாயால் அவர் கேட்பது நல்லது. அடுத்த முறை போகும்போது நீங்களே பேச்சை எடுத்துக் கொடுங்கள்.

வேறு அறை, இறக்கிவிடப்பட்ட பேரன்

“என்மேல் வெறுப்பா, அல்லது எனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயமா” என்று கேட்டிருந்தீர்கள். புற்றுநோய் தொட்டு ஒட்டாது. சேர்ந்து படுத்தாலும் உறவு வைத்துக்கொண்டாலும் ஒட்டாது. ஊசி ஆசையை அணைத்துவிடுகிறது. அந்த ஆசை இல்லாமல் மனைவி பக்கத்தில் படுப்பது அவருக்கு ஒரு பரீட்சையாகத் தோன்றலாம். கூடவே ஈரமாகும் போர்வை, நான்கைந்து முறை எழுந்திருப்பது, சில சமயம் துணியில் இரண்டு சொட்டு. வெட்கத்தில் விலகிப் போயிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. “ஒன்றும் நடக்க வேண்டாம், பக்கத்தில் படுத்தால் போதும்” என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னால் ஒழிய அவருக்குத் தெரியாது. நாற்பது ஆண்டு தாம்பத்தியத்தில் சொல்லிப் பழக்கமில்லாத வாக்கியம், தெரியும். சொல்லிப் பாருங்கள். உறவைப் பற்றி அவருக்கு எண்ணம் இருந்தால் அதற்கும் வைத்தியம் உண்டு. கடையில் தானாக மாத்திரை வாங்க மட்டும் கூடாது. நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது உயிராபத்து.

பேரன் விஷயத்தில் நான் ஊகிப்பது இது: தன் உடம்பில் கதிர் இருக்கிறது, குழந்தைக்கு ஆகாது என்று நினைக்கிறார். அவருக்குக் கொடுத்தது இயந்திரத்தின் கீழே படுக்கவைத்து வெளியிலிருந்து செலுத்தும் கதிர்வீச்சு. இயந்திரத்தை நிறுத்தியதும் உடம்பில் எதுவும் தங்காது. குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளிடம் சொல்வது

அவருடைய நோயைப் பற்றி யாரிடம் சொல்வது என்பது அவர் உரிமை. அவருக்குத் தெரியாமல் நீங்கள் மகனுக்குப் போன் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன், ஒன்றைத் தவிர: உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ரகசியம் பார்க்க வேண்டாம், உடனே சொல்லிவிடுங்கள்.

மற்றபடி அவரையே சொல்லவைக்கலாம். “பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது” என்பவரிடம், மறைப்பதில்தான் பிள்ளைகளுக்கு நஷ்டம் என்று காட்டுங்கள். தந்தைக்கு இந்த நோய் இருந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரு மடங்கு. பொதுவாக 50 வயதை ஒட்டி யோசிக்கும் பிஎஸ்ஏ பரிசோதனையைக் குடும்பத்தில் நோய் இருப்பவர்கள் 45-ஐ ஒட்டியே மருத்துவரிடம் பேசுவது நல்லது. உங்கள் மகனுக்கு 41 என்கிறீர்கள்; அவசரமில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மாமனாருக்கோ நாத்தனாருக்கோ புராஸ்டேட், மார்பகம், சினைப்பைப் புற்றுநோய் இருந்ததா என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிஆர்சிஏ2 போன்ற மரபணு மாற்றம் இருந்தால் அது மகளையும் தொடும். “நான் நோயாளி” என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கும். “உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று பிள்ளைகளுக்குச் சொல்ல எந்தத் தகப்பனுக்கும் கூச்சமிருக்காது. பேச்சை அங்கிருந்து தொடங்கட்டும்.

ஊசியை நிறுத்துவது

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. மன அழுத்தத்தின் பிடியில் எடுக்கும் முடிவு அவருடைய முடிவுதானா என்பதுதான் கேள்வி. முதலில் அதற்கு வைத்தியம் செய்துகொண்டு, பிறகு முடிவெடுக்கட்டும். அவருடைய வகை நோயில் கதிர்வீச்சோடு ஊசியையும் சேர்ப்பது ஆயுளைக் கூட்டுகிறது. பாதியில் தானாகக் கைவிடுவது அந்தப் பலனை இழக்கும் வழி. நிறுத்தியதும் மறுவாரமே பழைய மனிதராகிவிடவும் மாட்டார். டெஸ்டோஸ்டிரோன் திரும்ப மாதக்கணக்கில் ஆகும், இந்த வயதில் சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை.

ஆனால் பேச இடம் இருக்கிறது. கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், கதிர்வீச்சோடு 18 மாதம் ஊசி போட்டவர்களுக்கும் 36 மாதம் போட்டவர்களுக்கும் ஆயுளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குறைவாகப் போட்டவர்களின் வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது. அவருக்கு அது பொருந்துமா என்று புற்றுநோய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். “இரண்டு ஆண்டு கட்டாயமா, 18 மாதம் போதுமா?” என்று அடுத்த ஊசிக்கு முன்பே கேளுங்கள். முடிவு தேதி ஒன்று தெரிந்தாலே பாதிச் சுமை இறங்கும். எலும்பு அடர்த்திப் பரிசோதனை எடுத்தாகிவிட்டதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இரவும் பஸ்ஸும்

கனமான ஒற்றைக் கம்பளிக்குப் பதிலாக, உள்ளே பருத்திச் சட்டை, மேலே மெல்லிய போர்வைகள் இரண்டு மூன்று. கொதிப்பு வரும்போது ஒவ்வொன்றாக விலக்கலாம். சாயங்காலத்துக்கு மேல் டீயும் காரமும் குறைத்துப் பாருங்கள். தேயிலைக்காரரிடம் டீயைக் குறைக்கச் சொல்வது எவ்வளவு எடுபடும் என்று எனக்குத் தெரியும்.

கோயம்புத்தூர் போகும் நாளுக்கு முந்தைய இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை, மேட்டுப்பாளையம் வரும்வரை பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் கெட்டியாகி, கதிர்வீச்சு பட்ட சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்தும். அவசரம் கூடத்தான் செய்யும். அளவாகக் குடிக்கட்டும். பெரியவர்களுக்கான பேடு மருந்துக் கடையில் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டால் கொண்டை ஊசி வளைவுகளில் மனம் பதறாது. சிறுநீரை அடக்கும்போது இறுகும் அந்தத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை கற்றுக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம்.

ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அவர் தூங்குவதில்லை என்பதற்கு ஓர் ஏற்பாடு செய்யுங்கள். எப்போதும் ஒரே ஆய்வகம். டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு முந்தைய நாள் ரத்தம் கொடுப்பது. செல்போனில் வரும் ரிப்போர்ட்டை அவர் தனியாகத் திறக்காமல் டாக்டர் அறையில் திறப்பது.

நடை முக்கியம். களைப்பாக இருக்கிறது, தெம்பு வந்ததும் நடக்கிறேன் என்பார். இந்தக் களைப்புக்கு ஓய்வைவிட உடற்பயிற்சிதான் கேட்கும். வீட்டைச் சுற்றுவதைவிட ஒரு வேலையோடு சேர்ந்த நடை அவருக்குப் பிடிக்கும். கவாத்துக்கு ஆள் விட்டிருப்பதாகச் சொன்னீர்கள். வெட்டு சரியான உயரத்தில் விழுகிறதா என்று நீங்கள் போய்ப் பார்க்காதீர்கள், அவரை அனுப்புங்கள். மூட்டை தூக்கக் கூடாது, கத்தி பிடிக்கலாம். தப்பாக வெட்டியவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்தாரென்றால் எனக்கு எழுதுங்கள், சந்தோஷப்படுவேன்.

உங்களைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: பிரஷர் மாத்திரை தீர்ந்து மூன்று மாதமாகிறது, வாங்க நேரமில்லை. இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்துகொண்டால் மாத்திரை வீட்டுக்கே வரும். அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது உங்கள் தூக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள். துணைக்கு வருகிறவரையும் விசாரிப்பது எங்கள் வேலையில் சேர்ந்ததுதான். பாஸ்புக் கேள்விக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எனக்கு எழுத வேண்டாம், நேரே அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.